பெயரும் உறுப்பும்

ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு எண்ணுகிறது என்பதில் அதன் அறம் வெளிப்பட்டுவிடுகிறது. யாரைப் பதிவேட்டில் சேர்க்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பது எழுதுவினைஞரின் அலுவல் மட்டுமன்று. சில வேளைகளில் அது உயிரைப் பற்றிய கேள்வி. திருநம்பிகளின் உடல்நலத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

பெண் எனப் பிறப்பிற் பதியப்பட்டு, ஆணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவரே திருநம்பி. அவர்களுள் பலருக்குக் கருப்பை அகற்றப்படவில்லை. கருப்பைக் கழுத்து உள்ளவரை அதிற் புற்றுநோய் தோன்றவும் கூடும். அந்நோய்க்குப் பெரும்பாலும் மூலமாவது பாப்பிலோமா வைரசு. அதன் 16, 18 ஆகிய இரு வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குப் பொறுப்பு. வைரசு எவருடைய அடையாள அட்டையையும் பார்ப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வோரும் இதற்கு விலக்கல்லர். அம்மருந்து திசுவை மெலியச் செய்வதால், பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரி போதாமற் போவதும் உண்டு. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், திருநம்பிகளின் மாதிரிகளுள் 10.8 சதவீதம் போதாதவையாக இருந்தன. ஏனைய பெண்களிடத்து அது 1.3 சதவீதமே.

இந்நோய் மெல்ல வளர்வது. முற்றுமுன் கண்டால் தடுத்துவிடலாம். இதனை உணர்ந்தே இலங்கை 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளை நடத்தி வருகிறது; 35 வயதினரை இலவசப் பரிசோதனைக்கு அழைக்கிறது. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெருஞ்செல்வம். அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. அதன் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்றே கேட்கிறோம்.

2016இல் சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கையின்படி, மனநல வைத்தியர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு ஒருவர் தம் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம். நல்லதொரு முன்னேற்றம். ஆனால் காகிதத்தில் ஆணானவரைப் ‘பெண்களுக்குரிய’ அழைப்பு எங்ஙனம் சென்றடையும்? பெயரை மீட்டவர் பரிசோதனையை இழக்கிறார். பரிசோதனையை நாடுபவர் பெயரை இழக்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பது நீதியாகுமா?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நம் கரையோர ஊர்களில் இச்சிக்கல் மேலும் இறுகுகிறது. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். தாய்வழியே வரும் குடி. மகளுக்கென்றே எழும் வீடு. இந்த ஒழுங்கிலே மகளாகக் கணக்கிடப்பட்ட ஒருவர் ‘நான் மகன்’ என்று சொல்வதே பெரும்பாடு. பிறகு, அயலவர் அனைவரும் அமர்ந்திருக்கும் கிளினிக் வாங்கில் அவர் எந்த உருவோடு சென்று அமர்வார்?

“நம்மூரில் அப்படி எவருமில்லை” என்பார்கள். வெளிப்படுவது ஆபத்தாகும் இடத்தில் எவரும் வெளிப்படமாட்டார். பதிவேட்டின் வெறுமை அச்சத்தின் சான்றேயன்றி இன்மையின் சான்றாகாது. “இருந்தாலும் மிகச் சிலரே” என்பார்கள். உயிர்வாழும் உரிமைக்குத் தலை எண்ணுவது எந்த நியாயம்? “மார்க்கம் இடந்தராது” என்பாரும் உளர். மார்க்கச் சட்டம் காக்கும் ஐந்தனுள் உயிரையும் ஒன்றாக வைத்தார் இமாம் கஸ்ஸாலி. பாலினம் குறித்து ஒருவர் என்ன கருத்துக் கொண்டிருப்பினும், நோயாளியைத் திருப்பியனுப்ப அக்கருத்து அனுமதிச் சீட்டாகாது.

திருப்பியனுப்புவதன் முடிவை உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ரொபர்ட் ஈட்ஸ் எனும் திருநம்பிக்குச் சூலகப் புற்றுநோய் கண்டது. இருபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரை ஏற்க மறுத்தனர். 1999இல் அவர் இறந்தார். செல்வம் கொழிக்கும் நாட்டில், வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் நிகழ்ந்தது இது. அங்கே இல்லாமற் போனது மனிதத்தன்மை.

மறுபுறம், மரியாதையின் பெயராலும் ஒரு தவறு நேரலாம். ‘அவர் ஆண்; ஆகவே கருப்பையைப் பற்றிப் பேசுவதே அவமதிப்பு’ என்று நல்லெண்ணம் கொண்டோரும் வாய்மூடிவிடக்கூடும். உடலின் உண்மையை மறைக்கும் மரியாதை உயிரைக் காவாது. பெயரின் உரிமையும் உறுப்பின் தேவையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவற்றைப் பகையாக்கியது நம் பதிவேடு.

ஆகவே பதிவேட்டை மாற்றக் கோருவோம். பாலினத்தைக் கேட்டு அழைப்பதை விட்டு, கருப்பைக் கழுத்து உள்ள யாவரையும் அழைக்கட்டும். தாமே மாதிரி எடுத்துத் தரும் வைரசுப் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுப் பரிந்துரைத்திருக்கிறது. வெட்கத்தையும் வலியையும் குறைக்கும் அவ்வழி நம் ஊர்களுக்கும் வரட்டும். வந்தவரை அவர் விரும்பும் பெயரால் விளிப்பதற்குச் செலவேதுமில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். தடுப்பூசிக்காக வரிசையில் நிற்கும் சிறுமியருள் நாளை ஆணாக வாழப்போகும் ஒருவரும் இருக்கலாம். ஊசி அவரை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வகுப்பறையும் அவ்வாறே நடந்துகொள்ளட்டும். உடலைக் கூச்சமின்றிக் கற்பிக்கட்டும்.