பிறவாத கன்று

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூபத்தின்போது சந்நிதிக்குப் பின்புறம் காட்டிப் பசு நிற்கும். அது லக்ஷ்மி, சரி. அதன் காளைக்கன்று யார்?

பால் வேண்டுமானால் பசு ஈன வேண்டும். ஒன்பது மாதச் சினை. ஈன்றவற்றில் ஏறக்குறையப் பாதி காளை. காவிரிக்கரை வயல்களில் ஏர் ஓடியவரை இந்தக் கணக்கு உறுத்தவில்லை. மணப்பாறைச் சந்தையில் காளைக்கு விலை இருந்தது. டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் காளைக்கன்று தீனிச் செலவு மட்டுமே. பிறகு அடிமாட்டு வியாபாரி. விற்றவனைப் பழிப்பது காப்பி குடிப்பவனுக்குச் சௌகரியம்.

இப்போது பாலினம் பிரித்த விந்து வந்திருக்கிறது. பிறப்பதில் 100க்குச் சுமார் 90 கிடேரி. கொலை குறையும், மறுக்க முடியாது. மனிதக் கருவின் பாலினம் பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தொழுவத்தில் பாலினத் தேர்வு முன்னேற்றம்.

வேண்டாத உயிரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் நம் முன் இருந்த தார்மீகப் பிரச்னை. அந்த உயிரே வராதபடி செய்துவிட்டால் பிரச்னைக்கு விடை கண்டதாகுமா? மாடு வைத்திருப்பவனுக்கு இது லாபம், கிடைக்கட்டும். இதை அஹிம்சை என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.