இருளைப் பழிக்குமுன்

ஆணை விரும்பும் ஆண்கள் சிலர், பெயரும் ஊரும் கேளாமல் ஓரிரவு கூடிப் பிரிகின்றனர். இதைக் காட்டி, ‘இவர்களிடம் அன்பு ஏது? வெறும் இச்சைதானே!’ என்று தீர்ப்புக் கூறுவோர் முற்போக்காளரிடையேயும் உண்டு. இத்தீர்ப்பு அறமாகுமா என்பதே நம் கேள்வி.

வணிகத் திரைப்படங்கள் பெரும்பாலும் இவர்களை நகைப்புக்கே பயன்படுத்தின. இவர்களை மனிதராகக் காட்டியவை, பெருமுதலாளிகளை நம்பாமல் எடுக்கப்பட்ட சிறு படங்களே. பலரிடம் பணம் திரட்டி ஒனிர் 2010இல் எடுத்த ‘ஐ ஆம்’ என்னும் இந்திப் படத்தின் இறுதிக் கதையைப் பார்ப்போம். புதிதாய்ச் சந்தித்த இருவர் தனித்திருக்கையில் காவலன் ஒருவன் வருகிறான். 377ஆம் பிரிவைச் சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கிறான். அங்கே ஒழுக்கம் கெட்டது யாரிடம்? 2018 செப்டெம்பர் 6இல் இந்திய உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரை அப்பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது.

இலங்கையின் கதை வேறு. பிரித்தானியர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை 1995இல் திருத்தியவர்கள், அதை நீக்கவில்லை. ஆண்களுக்கு மட்டும் இருந்த தண்டனையைப் பெண்களுக்கும் விரித்தார்கள்! அதை அகற்றும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் கூறுவதற்கு 2023 மே மாதம் வரவேண்டியிருந்தது.

சட்டம் நீங்கினால் கணநேர உறவுகளும் நீங்கிவிடுமா? நீங்கா. 1967இலேயே தண்டனை தளரத் தொடங்கிய இங்கிலாந்தில், ஆண்ட்ரூ ஹே 2011இல் ‘வீக்கெண்ட்’ படத்தை எடுத்தார். அதில் வெள்ளியிரவு சந்திக்கும் இருவர் ஞாயிறன்று பிரிகின்றனர். ஆயினும் அவ்விரு நாட்களில் தம் அச்சத்தையும் ஏக்கத்தையும் ஒருவருக்கொருவர் திறந்து காட்டுகின்றனர். ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழும் எத்தனை தம்பதியர் இவ்வளவு பேசியிருப்பர்? ஆகவே உறவின் மேன்மையை நாட்கணக்கால் அளத்தல் தகாது. இருவரின் இசைவு, வஞ்சனையின்மை, மற்றவனை மனிதனாக மதித்தல் ஆகிய இவையே அளவுகோல். ஓரிரவு உறவும் மணவாழ்வும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவை.

மண்டூரில் வாழும் நமக்கு இது தொலைதேசச் செய்தியன்று. வாவிக்கரை ஊர்களில் துறையில் நிற்கும் எவனையும் இன்னாருடைய மகன் என்று அறிவோம். அந்த அறிமுகம் பலருக்கு அரண், சிலருக்குச் சிறை. விரும்பியவனோடு பகலில் நின்று பேச அஞ்சுபவன் முகமறியா இருளைத் தேடினால் வியப்பென்ன? நிலைத்த அன்புக்கு இடம் மறுக்கும் சமுதாயத்துக்கு, நிலையாத உறவைப் பழிக்கும் உரிமை இல்லை.

இதில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பங்குண்டு. வகுப்பறையில் ஒருவனை நோக்கி ஏளனச் சொல் எழும்போது, நாமும் சேர்ந்து சிரிக்கிறோமா, தடுக்கிறோமா? அவன் வெளிச்சத்தில் வாழ்வதும் இருளில் ஒதுங்குவதும் பெரிதும் அங்கேதான் தீர்மானமாகின்றன.