மாறாத கியர்

நடுவயதைக் கடந்த ஒருவன் புதிதாக ஒரு யோக்கியதைப் பத்திரம் வேண்டி அரசாங்கத்தின் முன் போய் நிற்பது நம் பக்கத்தில் சற்று வேடிக்கையான காரியந்தான். திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் உத்தியோகம் பார்க்கும் நான், நெடுங்காலம் ரயிலையும் பஸ்ஸையுமே நம்பியிருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு 350 சி.சி. புல்லட் ஒன்று வாங்கத் துணிந்தேன். அதுவரை கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் வைத்திருந்தவனாகையால், புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து, சட்டம் விதித்த 30 நாளும் கழிந்த பின், இளைஞர் கூட்டத்தின் நடுவே எட்டுப் போடப் போய் நின்றேன். அது எந்தத் திடல் என்பது இங்கே அவசியமில்லை.

நடந்தது அற்ப விஷயம். டிரைவிங் ஸ்கூல்காரர் தாம் கொண்டுவந்திருந்த 100 சி.சி. வண்டியை என்னிடம் கொடுத்து, "செகண்ட் கியர்லயே வெச்சுக்குங்க சார், மாத்தவே மாத்தாதீங்க" என்றார். அப்படியே போட்டேன், கால் தரையில் படவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டுக் காகிதத்தை நீட்டும்போது, "கியரெல்லாம் நல்லா மாத்துவீங்கல்ல சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். மாத்துவேன் என்றேன். அது பொய்யல்ல. ஆயினும், கையெழுத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கேள்வி பின்னால் வந்ததும், அந்தப் பரீட்சை முழுவதும் என் இடது கால் கியர்மீது ஒரு வேலையுமின்றிச் சும்மா இருந்ததும் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளைக் கியர் உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்ததோடு திருப்தியடைந்துவிட்டது. முதல் வகையில் ஒருவன் தேறிவிட்டால், 110 கிலோ எடையுள்ள வண்டிக்கும், 200 கிலோவை நெருங்கும் என் வண்டிக்கும், அதைவிட இரு மடங்கு வலிமை கொண்டவற்றுக்கும் அதே அட்டைதான். ஐரோப்பிய தேசங்களில் 125 சி.சி.க்கு ஒரு படி, 35 கிலோவாட் சக்திக்கு ஒரு படி, அதில் இரண்டு வருஷம் பழகிய பிறகே வரம்பற்ற வண்டி என்று ஏணி கட்டியிருக்கிறார்கள். இளவயதில் ஏறாதவன் 24 வயதுக்கு மேல் நேரே உச்சிக்குப் போகலாம், ஆனால் பெரிய வண்டியிலேயே பரீட்சை கொடுக்க வேண்டும். இதை அறிந்தபோது அவர்கள் முறையே நியாயம் என்று தோன்றியது; அந்த அபிப்பிராயத்தில் என்னால் வெகுநேரம் நிலைத்திருக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

எட்டுப் போடுவது வீண் சடங்கு என்று நான் சொல்லமாட்டேன். மெதுவாகப் போகும் வண்டியைச் சாயவிடாமல் இரு பக்கமும் வளைக்கச் சமநிலை வேண்டும், பார்வை வேண்டும், பதறாத மனமும் வேண்டும். ஆனால் கூட்டேரிப்பட்டிலிருந்து விக்கிரவாண்டி வரையிலான நெடுஞ்சாலையில் யாரும் எட்டுப் போடுவதில்லை. வேகம் 40இலிருந்து 80 ஆனால், நிறுத்த வேண்டிய சக்தி இரு மடங்கல்ல, நான்கு மடங்கு ஆகிறது. வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஒன்று பின்விளக்கின்றி முன்னே தோன்றும் அந்தக் கணத்துக்குரிய பரீட்சை எந்தத் திடலிலும் இல்லை.

இவ்விடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரிடம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் இருந்தது. அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அவர் அதைக் கிளப்புவதே ஒரு பூஜை போலிருக்கும்: டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, ஒரு நொடி நிதானித்துப் பிறகு ஓங்கி உதைப்பார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகும்போது டாங்கின்மேல் என்னை உட்கார்த்திவைத்து, "காலைப் பாருடா, ரோட்ட நான் பாத்துக்கறேன்" என்பார். பிற்காலத்தில் அவர் இடது காலில் கியர் உள்ள சிறு வண்டி வாங்கினார். லைசென்ஸில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் கியர் மாற்றப் போன வலது கால் பிரேக்கை மிதித்து, வண்டி நடுத்தெருவில் திடுக்கிட்டு நின்றது. புத்தி அறிந்ததைக் கால் அறியப் பல மாதம் பிடித்தது. ஆக, யோக்கியதை என்பது சர்க்கார் அட்டையில் இல்லை, காலில் இருக்கிறது என்று முடித்துவிடலாமென்று நினைத்தேன்.

அப்படி முடிக்கவிடாமல் குறுக்கே வந்தது என்றோ ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்து அரைகுறையாக நினைவிலிருக்கும் ஒரு செய்தி. அரேபியாவில் யுத்தம் புரிந்து பெயர்பெற்ற ஆங்கிலேயர் லாரன்ஸ், பிரஃப் சுப்பீரியர் என்னும் 1000 சி.சி. ரக வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஓட்டியவர். எந்தப் பரீட்சகரும் அவரைத் தேறாதவர் என்று தள்ளியிருக்க மாட்டார். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பி விழுந்து, தலையில் அடிபட்டுச் சில தினங்களில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர், அதன்பின் ஹெல்மெட் பற்றி ஆராய்ந்து, இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்பவர்கள் அதை அணிய வழி செய்தார். லாரன்ஸின் கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, போதவில்லை.

இப்போது வாரத்தில் பல நாள் புல்லட்டில்தான் விழுப்புரம் போய்வருகிறேன். பாலங்களிலும் சுங்கச்சாவடியிலும் என் இடது கால் ஓயாமல் வேலை செய்கிறது. அது கற்றதில் பெரும்பகுதி கையெழுத்துக் கிடைத்த பிறகு, பிறர் நடமாடும் சாலையில், அவர்களுடைய செலவில் கற்றது என்பதும் எனக்குத் தெரியும். வேறு எங்கே கற்பது என்று கேட்டால் பதில் இல்லை. ஏணி கட்டினால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு பீஸ், இன்னும் இரண்டு புரோக்கர்கள் என்றுதான் முடியுமோ என்ற பயமும் உண்டு. அக்கா மகன் அடுத்த மாதம் எட்டுப் போடப் போகிறான். "மாமா, உங்க புல்லட்ட குடுங்க, அதுலயே போட்டுக் காட்டறேன்" என்கிறான். டிரைவிங் ஸ்கூல்காரர் 100 சி.சி. போதும் என்கிறார். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.