பதினெட்டு மாதம்

ஆயர் ஈத்தாமில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலை போடுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: “இன்னும் விசேஷம் இல்லையா?”

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணைக் குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை வேகமாக இறங்கும் காலம். இரும்பு, ஃபோலேட், பி12 எல்லாம் குறையலாம். ஆனால் எடை இறங்கியதுமே தாறுமாறான மாதவிலக்கு பலருக்குச் சீராகி, கரு தங்கும் வாய்ப்பும் கூடுகிறது. கதவு திறக்கும்போதுதான் ‘நில்’ என்கிறார்கள். 35 வயதுக்காரிக்கு 18 மாதம் சின்னக் கணக்கா?

2015-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், அறுவை செய்துகொண்ட தாய்மாரில் கர்ப்பகால நீரிழிவு 1.9 விழுக்காடு, அதே அளவு பருமனோடு அறுவை செய்யாதவர்களில் 6.8. மாதத்துக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தைகளோ 15.6, மற்றவர்களிடம் 7.6. எங்கள் தொழிலில் இதை ‘டிரேட்-ஆஃப்’ என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவோம். இங்கே ஒரு தட்டில் இருப்பது இன்னும் உருவாகாத பிள்ளை.

அந்தப் பிள்ளைக்காகப் பேச ஊரே தயார். “அழகுக்காக வயித்த வெட்டிக்கிட்டா, இப்ப புள்ளைக்குச் சத்தில்ல” என்றார் என் அத்தை, வேறொருத்தியைப் பற்றி. “உடம்பக் குறைச்சாத்தான் புள்ள தங்கும்” என்று முன்பு சொன்னதும் அதே வாய்தான்.

ஆபத்தை விளக்குவது மருத்துவர் கடமை. காத்திருப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. காத்திராமல் கருவுற்றவளைச் சுயநலக்காரி என்பது அநியாயம். அவளுக்கு அப்போது தேவை ரத்தப் பரிசோதனை, சத்து மாத்திரை, சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை பைபாஸ் செய்தவளுக்குப் படபடப்பும் மயக்கமும் தரலாம் என்று தெரிந்த ஒரு தாதி.