பூமியதிர்ச்சியும் மனிதப் பொறுப்பும்

2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி மாலை 4.53 மணிக்குக் கரிபியன் கடலிலுள்ள ஹெயிற்றி நாடு அதிர்ந்தது. அதிர்ச்சியின் அளவு 7.0. ஒரு நிமிடம் முடியுமுன் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்சில் ஜனாதிபதி மாளிகை சரிந்தது, பேராலயம் இடிந்தது, ஐக்கிய நாடுகள் சபையின் பணித் தலைமையகம் தன்னுள் இருந்தோரை மூடிக்கொண்டு வீழ்ந்தது, பாடசாலைகளும், குன்றுச் சரிவுகளிலே நெருங்கிக் கிடந்த ஏழைக் குடியிருப்புகளும் தரைமட்டமாயின. இறந்தோர் மூன்று இலட்சத்துக்கும் அதிகமென அந்நாட்டு அரசாங்கம் கூறியது. ஆய்வாளர் பலர் அதனிலும் மிகக் குறைவாகக் கணித்தனர். பல்லாயிரவர் பெயர் குறிக்கப்படாமலே பொதுக்குழிகளிற் புதைக்கப்பட்டமையால், சரியான தொகை எவராலும் அறியப்படவில்லை. வாழ்ந்த காலத்தில் எண்ணப்படாத மக்கள் இறந்தபோதும் எண்ணப்படவில்லை.

அடுத்த மாதம் 27ஆந் திகதி அதிகாலையிற் சிலி நாடு அதிர்ந்தது. அளவு 8.8. இவ்வெண்கள் ஏணிப்படிகள் போல ஒன்றுக்கொன்று சமதூரத்தில் உள்ளவையல்ல. ஒரு முழு எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்காகும். அக்கணக்கின்படி சிலியை உலுக்கிய சக்தி ஹெயிற்றியை உலுக்கியதைப் போல் ஏறத்தாழ 500 மடங்கு. எனினும், அதனைத் தொடர்ந்த கடற்பேரலையையும் சேர்த்து, சிலியில் மாண்டோர் சுமார் 525 பேர்.

ஏப்ரில் 14இல், சீனாவின் சிங்ஹாய் மாகாணத்திலுள்ள யூசூ என்னும் திபெத்தியர் வாழும் பகுதியில், மண்ணாலும் மரத்தாலும் கட்டிய வீடுகள் சரிந்து இரண்டாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் மடிந்தனர். செப்டெம்பர் 4இல் நியூசிலாந்தின் கன்ரபெரிப் பிரதேசத்தில் 7.1 அளவான அதிர்ச்சி ஏற்பட்டது. அது ஹெயிற்றியினதை விடச் சிறிது வலியது. அங்கே இடிபாட்டில் நசுங்கி இறந்தவர் ஒருவருமிலர். ஒக்டோபர் 25இல் இந்தோனேசியாவின் மெந்தாவாய்த் தீவுகளில் அலை வந்து நானூறு பேருக்கு மேல் கொண்டு சென்றது.

ஒரே ஆண்டு, ஒரே பூமி, அதே பௌதிக விதி. ஆயினும் மரணத்தின் கணக்கு ஏன் இவ்வாறு வேறுபடுகிறது? இக்கேள்வி புவியியலாருக்கு மட்டும் உரியதன்று. அது ஓர் ஒழுக்கவியற் கேள்வியுமாகும்.

அவசரப்பட்டு விடை கூறுதல் தகாது. பூமியதிர்ச்சியின் அளவு மட்டுமே அழிவைத் தீர்மானிப்பதில்லை என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெயிற்றியின் அதிர்ச்சி தலைநகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் தொலைவில், நிலத்தின் மேற்பரப்புக்கு அண்மையிலேயே தோன்றியது. சிலியினது கடலுக்கடியில், அதனிலும் ஆழத்தில் எழுந்தது. நியூசிலாந்தில் அது நிகழ்ந்தது சனிக்கிழமை விடியற்காலை, கடைத்தெருக்களில் ஆளில்லை. தூரமும் ஆழமும் நேரமும் மண்ணின் தன்மையும் இயற்கையின் பங்கைச் சேர்ந்தவை. அவற்றையெல்லாம் கழித்த பின்னரும் எஞ்சுவது எது என்பதே நமது விசாரணை. எஞ்சுவது சிறிதன்று.

பேரழிவு நேர்ந்தபோதெல்லாம் மனிதன் முதலில் வானத்தைப் பார்த்தே வினவினான். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் நகரம் அழிந்தது. வழிபாட்டுக்கெனக் கூடியிருந்தோர்மீதே தேவாலயங்கள் வீழ்ந்தன. பாவத்தின் சம்பளம் என்றனர் குருமார். வால்டேயர் அவ்விளக்கத்தையும், நிகழ்வதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தையும் ஒருங்கே நிராகரித்துக் கவிதை எழுதினார். அதற்கு 1756இல் விடையெழுதிய ரூசோ வழக்கை வேறு மன்றத்துக்கு மாற்றினார். ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்திற் குவித்தது இயற்கையல்லவே என்று அவர் சுட்டிக்காட்டினார். ஆண்டவனுக்கும் மனிதனுக்குமிடையே நடந்த வாதத்தை மனிதருக்கும் மனிதருக்குமிடையே நடைபெறவேண்டிய வாதமாக ஆக்கியது ரூசோவின் பெருஞ்சாதனை எனலாம்.

அவ்வாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1934 ஜனவரியில் பீகார் அதிர்ந்தபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே அது எனக் காந்தியடிகள் கூறினார். தீண்டாமையை ஒழிக்கும் பணியில் அவருடன் முற்றும் உடன்பட்ட தாகூர், இக்கூற்றை மாத்திரம் ஏற்கவில்லை. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு. நல்ல நோக்கத்துக்காகவேனும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததைக் கூறினால் அது மக்களின் மூடநம்பிக்கைக்கே உரமாகும் என்பது அவர் வாதம். நாம் தாகூரின் பக்கமே நிற்கிறோம். தீண்டாமை கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்று இடிந்த சுவர்கள் தீண்டியவனையும் தீண்டப்படாதவனையும் தரம் பிரித்துப் பார்க்கவில்லை. ஹெயிற்றி அழிந்த மறுநாளும், அந்நாட்டு மூதாதையர் சாத்தானுடன் செய்த உடன்படிக்கையின் பலனே இதுவென அமெரிக்க மதப் பிரசாரகர் ஒருவர் தொலைக்காட்சியிற் பேசினார். அவர் சாத்தானுடன் செய்த உடன்படிக்கை என்றது, அடிமைகள் தம் எசமானரை எதிர்த்தெழுந்து விடுதலை பெற்ற வரலாற்றை! பாவக் கோட்பாடு எவ்வாறு இறுதியில் துன்புற்றவனையே குற்றவாளியாக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே மனிதரின் பங்கை மனிதரின் வரலாற்றிலேயே தேடுவோம். அடிமைகளாயிருந்த ஹெயிற்றி மக்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804இற் சுதந்திரப் பிரகடனஞ் செய்தனர். 1825இற் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 150 மில்லியன் பிராங்கு கேட்டது. பின்னர் அத்தொகை 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. விடுதலையடைந்தவன் தன்னையே விலை கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. அதற்கென எடுத்த கடன்கள் 1947 வரை தீரவில்லை. இடையில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஆண்டது. 1957 முதல் 1986 வரை டுவாலியர் குடும்பத்தின் சர்வாதிகாரம் நிலைத்தது. 1990களில் இறக்குமதி அரிசிமீதான தீர்வை பெரிதுங் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியம் பெற்று விளைந்த அரிசி மலிவாக வந்து குவியவே, உள்நாட்டு நெல் விவசாயி வீழ்ந்தான். அக்கொள்கை தவறென 2010 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி கிளின்ரன் செனற் சபைக் குழுவின் முன் தாமே ஒப்புக்கொண்டார். ஆனால் நிலத்தை விட்டுத் தலைநகருக்கு வந்துவிட்ட விவசாயி அதற்கு முன்னரே குன்றின் சரிவில் ஒரு வீடு கட்டியிருந்தான்.

அந்த வீட்டையும் சற்று நோக்குவோம். சீமெந்து விலையேறிய பொருள். ஆகையால் கலவையில் மணலே மிகுந்தது. கம்பி குறைந்தது, தூண் மெலிந்தது. சூறாவளிக்கும் வெயிலுக்கும் அஞ்சிக் கூரையைப் பாரமான கொங்கிறீற்றால் இட்டான். நிலம் பக்கவாட்டில் அசையும்போது மெலிந்த தூண் ஒடிந்து, பாரமான கூரை நேரே கீழிறங்கும். இதைத் தடுக்கும் முறை பொறியியலாருக்குத் தெரியாததன்று. 1751இலும் 1770இலும் போர்ட்-ஓ-பிரின்ஸ் அதிர்ச்சியால் அழிந்த நகரம்; அப்பிளவில் பெரும் அதிர்ச்சி எழக்கூடுமென 2008இலும் அறிஞர் எச்சரித்திருந்தனர். அறிவு இருந்தது. அவ்வறிவு குன்றின் சரிவுக்கு ஏறிச் செல்ல வழியே இருக்கவில்லை.

ஈண்டு ஒரு வினா எழும். அவ்வீட்டைக் கட்டிய கொத்தன் குற்றவாளியா? மணலைக் கூட்டிக் கலந்தவன் அவனே. ஆனால் அவனும் அத்தகைய வீட்டிலேயே உறங்கினான். அவன் பிள்ளைகளும் அத்தகைய கூரையின் கீழேயே கிடந்தனர். பிரெஞ்சு மன்னன் குற்றவாளியா? அவன் என்றோ இறந்துவிட்டான். பூமியதிர்ச்சியை அவன் கனவிலும் கருதியிருக்கமாட்டான். தீர்வையைக் குறைத்தோர் கொலை செய்யும் எண்ணம் கொண்டிருந்தனரா? இல்லை. இவ்வாறு ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டு போனால், இத்துணை மரணமும் எவருமே செய்யாத செயலாகிவிடும். அப்போது "இயற்கை அனர்த்தம்" என்ற தலைப்பின் கீழ் அதனைப் பதிந்துவிட்டு நாம் அமைதியடையலாம்.

சமுதாய அமைப்பே குற்றவாளி என்பது இதற்கு நம்மிற் பலர் வழக்கமாகக் கூறும் மறுமொழி. அது உண்மையே, ஆயினும் போதிய உண்மையன்று. அமைப்பு என்ற சொல்லும் சிலவேளை விதி என்ற பழைய சொல்லின் வேலையையே செய்துவிடுகிறது. எல்லாரும் குற்றவாளிகளென்றால் எவரும் எழுந்து பதில் கூறவேண்டியதில்லை. ஆகவே குற்றத்தையும் பொறுப்பையும் நாம் வேறு பிரித்தறிதல் வேண்டும். தீங்கெண்ணிச் செய்தவனுக்கு உரியது குற்றம். அறியவும் தடுக்கவும் ஆற்றலிருந்தவனுக்கு, அவன் தீங்கெண்ணாவிடினும், உரியது பொறுப்பு. அறிவும் அதிகாரமும் எவ்வளவுக்கு ஒருவரிடத்தில் குவிந்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பொறுப்பும் அவரிடத்திற் குவிகிறது. இந்தத் தராசில் கொத்தனின் தட்டு மேலெழும். அரசாங்கங்களின் தட்டும் கடன் கொடுத்தோரின் தட்டும் தாழும்.

சிலியின் அனுபவம் இதற்குத் துணை செய்கிறது. அந்நாடு 1939இற் பல்லாயிரவரை இழந்தது. 1960இல், பதியப்பட்டவற்றுள் மிகப் பெரியதாகிய 9.5 அளவு அதிர்ச்சியைக் கண்டது. அந்த இழப்புகளிலிருந்து கட்டட விதிகளை ஆக்கி, தலைமுறை தலைமுறையாகத் திருத்தி, நடைமுறைப்படுத்தியது. சிலி குறையற்ற நாடென்று நாம் கூறவில்லை. கொன்செப்சியோன் நகரில் புதிதாகக் கட்டிய பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து எண்மர் இறந்தனர். கடற்பேரலை எச்சரிக்கை உரிய வேளையில் மக்களைச் சேராமையால் கரையோரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். கட்டடத்தை எழுப்பியோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். எச்சரிக்கையில் தவறிய அதிகாரிகள்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. விதி இருந்தது, ஆகவே விதியை மீறியவரும் இருந்தார். ஹெயிற்றியில் அத்தகைய விதி மக்களுக்குக் காவலாக நிற்கவேயில்லை. ஆதலால் மீறியவர் என்று எவரையும் சுட்டமுடியவில்லை. பாதுகாப்பு இல்லாத நாட்டில் நீதியும் இல்லாமற் போகிறது.

செல்வம் மட்டும் காக்கும் என்றும் நாம் மயங்கவேண்டியதில்லை. செப்டெம்பரில் தப்பிய அதே கன்ரபெரியில், 2011 பெப்ரவரி 22இல், கிறைஸ்ற்சேர்ச் நகரின் அண்மையில், அளவிற் சிறியதோர் அதிர்ச்சி பகல்வேளையில் நேர்ந்தது. 185 பேர் இறந்தனர். அவருள் 115 பேர் ஒரே கட்டடத்துள் இறந்தனர். அதன் வடிவமைப்புப் பிழையானதென்றும் அதற்கு அனுமதி அளித்திருக்கவே கூடாதென்றும் விசாரணை ஆணைக்குழு கண்டது. வளம்மிக்க நாட்டிலும் பொறுப்பு ஒரு கணம் உறங்கினால் சுவர் அதனை மன்னிப்பதில்லை.

ஹெயிற்றிக்கு இன்னொரு துன்பமும் காத்திருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கு வாந்திபேதி பரவி, பின்வந்த ஆண்டுகளில் பதினாயிரம் பேரளவில் கொன்றது. ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படை முகாமொன்றின் கழிவு ஆற்றில் கலந்தமையே அந்நோய் நாட்டினுட் புகுந்த வழியென ஆய்வுகள் காட்டின. இங்கே தீங்கின் மூலம் மறைவானதன்று. ஆயினும் சட்ட விலக்குரிமையைக் காட்டி அச்சபை வழக்கிலிருந்து நீங்கிக்கொண்டது. 2016 டிசெம்பரிலேயே அதன் செயலாளர் நாயகம் ஹெயிற்றி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். உதவி செய்ய வந்தவர் என்பதால் பதில் கூறும் கடமை ஒருவரை விட்டு நீங்குமா? நீங்காது என்பதே நம் துணிபு. தருமஞ் செய்பவன் விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம். கடன்பட்டவன் அவ்வாறு நிறுத்தலாகாது. ஹெயிற்றிக்கு உலகம் அளித்ததைத் தருமம் என்று உலகம் எண்ணியது. வரலாற்றைப் படித்தவன் அதனைக் கடனில் ஒரு சிறு பகுதி என்றே எண்ணுவான்.

இவை நமக்குத் தொலைதூரக் கதைகளல்ல. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடற்றளம் அதிர்ந்தபோது, அலை நமது கிழக்குக் கரையை அடையச் சுமார் இரண்டு மணி நேரமாயிற்று. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்கிவந்தது. இந்து சமுத்திரத்தில் அதுபோன்ற ஏற்பாடு அன்று இல்லை. அந்த இரண்டு மணி நேரத்துள் இவ்வுலகில் எங்கோ ஒரு கருவி அதிர்ச்சியைப் பற்றி அறிந்திருந்தது. நமது கடற்கரை அறியவில்லை. இலங்கையில் மாத்திரம் ஏறத்தாழ முப்பத்தையாயிரம் பேரை நாம் இழந்தோம். இன்று எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. அது வந்தது அவர்கள் இறந்த பின்னர்.

ஆசிரியராயுள்ள நண்பர்களிடம் நமக்கொரு வேண்டுகோளுண்டு. வகுப்பறையில் பூமியதிர்ச்சியைக் கற்பிக்கும்போது, புவித்தட்டுகள் நகருவதைப் படம் வரைந்து காட்டுங்கள், அது அவசியம். படத்தை அழிக்குமுன் இன்னுமொரு கேள்வியையும் கரும்பலகையில் எழுதுங்கள்: ஐந்நூறு மடங்கு பெரிய அதிர்ச்சியில் ஐந்நூறு பேரும், சிறிய அதிர்ச்சியிற் பல்லாயிரவரும் இறந்தது ஏன்? மாணவர் உடனே விடை கூறாவிடினும் கேடில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால் அவர்கள் சீமெந்தின் விலைக்கும், அரிசியின் தீர்வைக்கும், 1825ஆம் ஆண்டின் போர்க்கப்பல்களுக்கும் வந்து சேர்வார்கள்.

பூமி இனியும் அதிரும். அதனை நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அதன் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் ஆற்றலும் இன்னும் கைவரவில்லை. ஆனால் எவருடைய கூரை வீழும் என்பது அதிர்ச்சிக்கு நெடுங்காலம் முன்னரே, மனிதரால், மேசைகளில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்மானத்தில் கூரையின் கீழ் உறங்குவோருக்கும் குரல் கிடைக்கும்வரை, இறந்தோரின் கணக்கை இயற்கையின் பேரில் எழுத நமக்கு உரிமையில்லை.