சொல்லாது விட்ட பொய்

பொய் இருவகைத்து. இல்லாததை உண்டென்பது ஒன்று. உள்ளதை உரையாது விடுவது மற்றொன்று. இவ்விரண்டில் கொடியது எது என்பதை, யுத்தப் படங்களைப் பார்த்து மகிழும் நாம் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

1957-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்வோம். டேவிட் லீன் இயக்கிய அப்படம் ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் கைதியான வெள்ளைக்காரக் கர்னல் ஒருவர், பகைவருக்குச் சிறந்த பாலம் கட்டித் தருவதையே பெருமையெனக் கொள்கிறார் என்பது கதை. முடிவில் அம்மரப்பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்படுகிறது. நடந்ததோ வேறு. அங்குக் கைதிகளுக்குத் தலைவராயிருந்த கர்னல் பிலிப் டூசி, தம் ஆட்களைக் காக்கவும் வேலையைத் தாமதப்படுத்தவுமே பாடுபட்டவர். அங்கே நின்ற எஃகுப் பாலத்தை 1945-இல் குண்டு வீசிச் சிதைத்தவை நேச நாட்டு விமானங்கள். செப்பனிடப்பெற்ற அப்பாலத்தின்மீது இன்றும் ரயில் ஓடுகிறது.

"கதையில் கற்பனை கலத்தல் குற்றமா?" எனக் கேட்பர் சிலர். குற்றமன்று. அன்றியும், டூசிக்காக வழக்காட அவருடைய வீரர்கள் இருந்தனர். அவர்கள் மறுத்துப் பேசினர், நூல்களும் பிறந்தன. சொன்ன பொய்க்கு மாற்று உண்டு.

சொல்லாத பொய்க்கு மாற்று யாது? 1942-43-இல் சயாமையும் பர்மாவையும் இணைத்த, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதையில் உழைத்த யுத்தக் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ சுமார் 2 லட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகியோருடன், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் அவருள் அடங்குவர். வாந்திபேதியும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டன. மாண்ட கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் அவர்களுக்கு உள்ளன. மாண்ட தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பர். திட்டமான கணக்கு எவரிடமும் இல்லை. அப்படத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

தோட்டத்துக் கிராணி ஒருவன் செக்ரோலில் ஒருவனுடைய கூலியைக் குறைத்து எழுதினால், உரியவன் சம்பள நாளில் வந்து கேட்பான். பெயரே எழுதாது விட்ட ஒருவன், திரும்பி வராத இடத்துக்கும் போய்விட்டால், யார் வந்து கேட்பது? கேட்பாரில்லாத கணக்கு நாளடைவில் சரியான கணக்கே ஆகிவிடுகிறது! இதுவே மறைத்தலின் கொடுமை. திரித்துக் கூறுவது மனிதனுடைய செயலை மாற்றுகிறது. கூறாது விடுவது அவன் வாழ்ந்தான் என்பதையே அழிக்கிறது.

ஆதலின், படம் எடுப்போரைக் கடிந்துகொள்வதோடு நம் கடமை தீர்ந்ததாகாது. சயாமுக்குப் போனவர்களைப் பற்றி வீட்டுப் பெரியோர் சொல்லிய செய்திகள் இன்னும் சில குடும்பங்களில் எஞ்சியுள்ளன. பெயர், தோட்டம், போன ஆண்டு, மீண்டாரா இல்லையா என்னும் நான்கையேனும் கேட்டு எழுதி வைப்போமாக. மாண்டோர்க்கு நாம் செலுத்தக்கூடிய நீதி இப்போது அவ்வளவே.