அணையா விளக்கும் அழைப்பின் கடனும்

இருவர் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சுக்கான கடன் யாரைச் சாரும் என்ற வினா மெய்யியல் நூல்களுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றினாலும், இந்தியத் தொலைபேசி நிறுவனங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் இதே வினாவைப் பைசாக் கணக்கில் வைத்து வழக்காடின. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு நிறுவனத்தின் சிம் கார்டை வைத்திருப்பவர், எண்ணூரில் வேறொரு நிறுவனத்தின் சிம் கார்டை வைத்திருப்பவரை அழைத்தால், அந்த அழைப்பு முதல் நிறுவனத்தின் கோபுரத்தில் தொடங்கி, இரு வலையமைப்புகளும் சந்திக்கும் இடமான ‘இணைப்பு முனை’யைக் கடந்து, இரண்டாம் நிறுவனத்தின் கோபுரத்தில் முடிகிறது. மணி அடிக்கும் வரையில் கட்டணக் கணக்கு இல்லை. மறுமுனையில் இருப்பவர் எடுத்த கணத்தில், ‘எடுத்தாயிற்று’ என்னும் சமிக்ஞை பின்னோக்கி வந்து சேர, இரு நிறுவனங்களின் இணைப்பகங்களும் அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், நீடித்த நொடிகள் ஆகியவற்றைத் தனித்தனியே பதியத் தொடங்குகின்றன. இப்பதிவுகளைப் பின்னர் ஒப்பிட்டு, ஒருவர் தர வேண்டியதிலிருந்து மற்றவர் தர வேண்டியதைக் கழித்து, மிஞ்சியதைக் கைமாற்றிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அயலாரிடமிருந்து வந்த அழைப்பைத் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பித்ததற்காக இரண்டாம் நிறுவனம் பெற்ற இந்தத் தொகைக்கே ‘முடிப்புக் கட்டணம்’ என்று பெயர்.

இந்தியாவில் கைப்பேசி வந்த தொடக்க ஆண்டுகளில் அழைப்பை ஏற்றவரும் காசு கொடுத்தார். 2003 மே 1 முதல் அழைப்பவரே செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தபோது, ஏற்பவரின் செலவை அழைப்பவரின் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்பதால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முடிப்புக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தியது. 2004 பிப்ரவரியிலிருந்து நிமிடத்துக்கு 30 பைசாவாக இருந்த அது, 2009இல் 20, 2015இல் 14, 2017 அக்டோபரில் 6 என்று இறங்கி, ஓராண்டு ஒத்திவைப்புக்குப் பிறகு 2021 சனவரி 1 அன்று உள்நாட்டு அழைப்புகளுக்கு முற்றிலும் நீங்கியது. அவரவர் தம் வாடிக்கையாளரிடம் வாங்குவதை அவரவரே வைத்துக்கொள்ள, ஒருவருக்கொருவர் எதுவும் கொடுக்காத இந்த ஏற்பாட்டைத் துறையினர் ‘பில் அண்ட் கீப்’ என்பர்.

அழைப்பவரே செலுத்தும் முறையின் அடியில் ஓர் அறக்கோட்பாடு இருக்கிறது: செயலைத் தொடங்கியவரே அதன் செலவுக்குப் பொறுப்பு. ஆனால் பயன் எங்கே விளைகிறது என்று பார்த்தால் இக்கோட்பாடு நிலைகொள்வதில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்று துறைமுகத்திலிருந்து மேஸ்திரி அழைக்கும்போது, அழைத்தவருக்கு ஆள் கிடைக்கிறது, எடுத்தவருக்குக் கூலி கிடைக்கிறது. இருவரில் எவர் பயனாளி என்று பிரித்துக் காட்ட எந்தப் பதிவேட்டாலும் இயலாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்காக 2000ஆம் ஆண்டில் பேட்ரிக் டிகிராபா எழுதிய ஆய்வறிக்கை, அழைப்பால் இருவரும் பயன்பெறுவதால் செலவையும் இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்வதே முறை என்று வாதிட்டது. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உதவியின் மதிப்பை உதவியின் அளவில் வைக்காமல், அதைப் பெற்றவரின் பண்பில் வைக்கிறார். அந்த நோக்கில் பார்த்தால், ஓர் அழைப்பின் மதிப்பு நிமிடத்தில் அடங்காது. அதை ஏற்றவர் வாழ்வில் அது என்ன ஆனது என்பதில்தான் அடங்கும். இணையத் தரவின் உலகில் இவ்வழக்கு தலைகீழாக நின்றது என்பதும் இங்கே கருதத்தக்கது: 2003இல் நிறுவப்பட்டு, சென்னையிலும் முனை அமைத்த தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சி, பல்லாண்டுகள் கேட்டுப் பெறுபவரே கொடுக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தது. குரலில் அனுப்புபவர் கடனாளி, தரவில் பெறுபவர் கடனாளி என்று ஒரே காலத்தில் இரு விதிகள் நின்றன என்றால், கடனாளி யார் என்பது பொருளின் இயல்பிலிருந்து பிறப்பதன்று, மனிதர் வகுப்பது என்றே கொள்ள வேண்டும்.

வகுத்த கணக்கு நடத்தையையும் வளைத்தது. எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் மிஸ்டு கால் ஒரு தனி மொழியாகவே வளர்ந்தது; காசில்லாதவர் இரண்டு மணி அடித்து நிறுத்தினால், காசுள்ளவர் திருப்பி அழைப்பார் என்ற எழுதாத உடன்பாடு வட சென்னையின் ஆலைக் குடியிருப்புகளிலும் மீனவர் தெருக்களிலும் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றாயிற்று. ஏழைக்கும் அவரைவிடச் சற்று வசதியானவருக்கும் இடையே அது ஒரு கண்ணியமான ஏற்பாடு. ஆனால் அதே உத்தியை நிறுவனங்கள் கையாண்டபோது அதில் கண்ணியம் இல்லை. 2019இல், மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் அழைப்பு தவறும், தவறிய அழைப்புக்கு மறுதரப்பினர் திருப்பி அழைப்பர், அப்போது கட்டணம் இந்தப் பக்கம் வரும் என்ற நோக்கில் மணி நொடிகள் சுருக்கப்படுவதாகப் பூசல் எழுந்தது. கடைசியில், கைப்பேசியில் 30 நொடியும் நிலைவழித் தொலைபேசியில் 60 நொடியும் மணி அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பர் 1 அன்று டிராய் விதி செய்ய வேண்டியதாயிற்று. மூட்டுவலியோடு எழுந்து வந்து தொலைபேசியை எடுக்க வேண்டிய ஒரு மூதாட்டியின் நடைவேகம், ஆறு பைசாவின் பொருட்டு வணிகப் பூசலின் நடுவே வந்து நின்றது. கணக்கு தன் எல்லையைக் கடந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணக்கை விலக்கிக் கடமையை மட்டும் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. அதன் மிக நுட்பமான வடிவங்களுள் ஒன்று கோயில் கல்வெட்டுகளில் கிடக்கிறது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலைப் போன்ற தொண்டை நாட்டுப் பழங்கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க அளித்த கொடைகள் மிகுதி. சில கொடைகள் பொன்னாக வந்தன; பொன்னைப் பெற்றவர்கள் அதன் வட்டியை ஆண்டுதோறும் அளந்து கொடுத்தனர். வேறு பல கொடைகள் ஆடாக வந்தன: ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடு இறக்கத்தான் செய்யும், மூக்கத்தான் செய்யும். ஆனால் குட்டிகள் ஈடுகட்டும் என்பதால் இறந்ததையும் பிறந்ததையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெருகியது இடையருடையது, குறைந்ததும் இடையருடையது. கோயில் கேட்பதெல்லாம் அந்த உழக்கு நெய்யும் அணையாத சுடரும்தான். பொன் கொடையை முடிப்புக் கட்டணத்தோடும் ஆட்டுக் கொடையை இன்றைய ஏற்பாட்டோடும் வைத்துப் பார்க்கலாம்: அவரவர் வரவும் செலவும் அவரவருக்கே உரியன, ஆனால் வந்த அழைப்பைச் சேர்ப்பிக்கும் கடமை மட்டும் ஒருநாளும் தள்ளுபடி ஆவதில்லை.

அக்கல்வெட்டுகள் பலவும் ‘இது பன்மாஹேஸ்வரர் ரட்சை’ என்று முடிகின்றன. அதாவது, இவ்வறத்தைச் சிவனடியார் கூட்டம் காக்கும் என்று பொருள். இந்தத் தொடரை வெறும் சடங்காக ஒதுக்குவது பிழை. எண்ணிக்கையைக் கைவிட்ட இடத்தில் காவல் இன்றியமையாததாகிறது. கணக்கு இருந்தால் ஏமாற்றியவரைக் கணக்கே காட்டிக்கொடுக்கும், கணக்கு இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ களமிறங்கியபோது, போதிய இணைப்பு முனைகளை மறுத்ததாக மூன்று பழைய நிறுவனங்கள் மீது டிராய் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்ததும், கேட்டால் குறித்த காலத்துக்குள் இணைப்பு முனை வழங்க வேண்டும் என்று 2018இல் விதி செய்ததும் இக்காவலின் இன்றைய வடிவங்கள். பழைய நிறுவனங்களின் முறையீட்டிலும் நியாயம் இருந்தது. தம் வாடிக்கையாளர்கள் அழைப்பதைவிட அழைக்கப்படுவதே மிகுதி, அதிலும் சிற்றூர்களில் கோபுரம் நிறுத்திய செலவை யார் தருவது என்று அவர்கள் கேட்டனர். ஒப்புரவு என்பது இரு கைகளும் ஏறத்தாழ ஒரே அளவு நீளும்போதே ஒப்புரவாக நிற்கிறது. ஒரு கை மட்டும் நீண்டுகொண்டே இருந்தால் அது ஈகையாகிவிடும், ஈகையைச் சட்டத்தால் வாங்க முடியாது. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு தனி அதிகாரங்களாக வைத்தது இவ்வேறுபாட்டை உணர்ந்தே என்று கொள்ள இடமுண்டு.

ஈகையின் எல்லை எதுவரை செல்லும் என்பதையும் திருவொற்றியூரே அறியும். அவ்வூரில் செக்கு வாணிபக் குலத்தில் பிறந்த கலிய நாயனார், கோயிலில் விளக்கேற்றி வந்து, செல்வம் தீர்ந்தபின் கூலிக்கு உழைத்து ஏற்றி, அதுவும் இல்லாமற்போக, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே ஊற்றத் துணிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அது அன்பின் உச்சம். ஆனால் அதைப் பிறர்மேல் விதியாக ஏற்றுவது கொடுமை. விதியாக வகுக்கத் தக்கது இடையரின் உழக்கு நெய்தான்: தாங்கக்கூடிய அளவில், தவறாமல், கணக்குப் பார்க்காமல். சுமை ஏறத்தாழச் சமமாகும் காலம் வரை காத்திருந்து, கட்டணத்தைப் படிப்படியாக இறக்கி, பிறகே அதை நீக்கியதில் டிராய் நடந்துகொண்ட விதம் இவ்வகையில் அறத்தோடு பொருந்துவது.

ஆயினும் இவ்வேற்பாடு நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. இராயபுரத்து வீட்டுக்கு வளைகுடாவிலிருந்து வரும் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு, 2015இல் 53 பைசாவாகவும் 2018இல் 30 பைசாவாகவும் இருந்த முடிப்புக் கட்டணத்தை, 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையே நிறுவனங்களே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று டிராய் வகுத்தது. உள்ளே கணக்கை நீக்கிய அதே ஆணையம் வெளியே கணக்கை உயர்த்திப் பிடித்தது. அதே மகன் அதே தாயை வாட்சப்பில் அழைத்தால் முடிப்புக் கட்டணம் என்ற பேச்சே எழுவதில்லை. தரவுக்கு இரு முனையிலும் அவரவர் கட்டிய பணத்தோடு முடிந்தது. ஆக, பேச்சின் இயல்பில் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எதுவும் இல்லை. அயல்நாட்டு நிறுவனம் தன் பக்கம் எவ்வளவு கேட்கும் என்பதைக் கட்டுப்படுத்த இரு நாட்டுக்கும் பொதுவான காவலர் எவரும் இல்லாததால்தான், அங்கே ஒவ்வொரு நிமிடமும் இன்னும் எண்ணப்படுகிறது.